எச்சரிக்கும் கடமை: கனடாவில் காவல்துறையும் பொதுமக்களும் (1986–2024)

ஓர் ஆபத்து நெருங்குவதைக் காவல்துறை அறிந்திருக்கும்போது, அதைப் பொதுமக்களுக்கு உடனே சொல்வது அதன் கடமையா, அல்லது விரும்பினால் செய்யலாம் என்ற அளவிலான ஒரு பணியா? கனடாவில் இக்கேள்வி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாக நீதிமன்றத்திலும் விசாரணை ஆணையத்திலும் தெருவிலும் எழுப்பப்பட்டு வந்துள்ளது. 1986-ல் டொராண்டோ நகரில் நடந்த குற்றங்களில் தொடங்கி, 2020 ஏப்ரலில் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் 22 பேர் கொல்லப்பட்ட நிகழ்வில் இது உச்சத்தை எட்டியது. இவ்விரு நிகழ்வுகளிலும் எச்சரிக்கை தராததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று பொதுவானது: மக்கள் பீதி அடைந்துவிடுவார்கள் என்பது. அந்த அச்சம் எவ்வளவு சரியானது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது, காவல்துறை எவ்வாறு பொறுப்பேற்க வைக்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஜேன் டோ வழக்கு (1986–1998)

1986-ல் டொராண்டோ நகரின் சர்ச் – வெல்லஸ்லி பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் இரண்டாம், மூன்றாம் தளங்களில் வசித்த பெண்கள் அடுத்தடுத்துப் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். குற்றவாளி பால்கனி வழியாக உள்ளே நுழைந்தான். எந்தப் பகுதி, எத்தகைய வீடு, எவ்வகையான பெண்கள் என்ற ஒழுங்கமைவு காவல்துறைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அப்பகுதிப் பெண்களிடம் அது சொல்லப்படவில்லை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் ஐந்தாவதாக ஒரு பெண் தாக்கப்பட்டார். அடையாளத்தைக் காக்கும் பொருட்டு நீதிமன்ற ஆவணங்களில் அவர் 'ஜேன் டோ' என்ற புனைபெயரால் குறிக்கப்படுகிறார்.

காவல்துறை செய்யாததை அவரும் அவருடைய தோழியரும் செய்தார்கள். அப்பகுதியெங்கும் சுவரொட்டி ஒட்டிப் பெண்களை எச்சரித்தார்கள். குற்றவாளி பின்னர் கைது செய்யப்பட்டான். ஜேன் டோ அத்துடன் நிற்கவில்லை. தன்னை எச்சரிக்கத் தவறியதற்காகக் காவல்துறை மீதே வழக்குத் தொடுத்தார். அப்படி ஒரு வழக்கைத் தொடுக்க முடியுமா என்பதே முதலில் விவாதமானது. தொடுக்கலாம் என 1990-ல் நீதிமன்றம் அனுமதித்தது.

1998 ஜூலையில் நீதிபதி ஜீன் மக்ஃபார்லண்ட் தீர்ப்பளித்தார். எச்சரித்தால் பெண்கள் கலவரமடைவார்கள், குற்றவாளியும் தப்பிவிடுவான் என்ற எண்ணத்தினாலேயே எச்சரிக்கை கொடுக்கப்படவில்லை என அவர் கண்டறிந்தார். அப்பெண்கள் அறியாமலேயே குற்றவாளியைப் பிடிப்பதற்கான தூண்டில் இரையாகப் பயன்படுத்தப்பட்டார்கள் என்பதும் தீர்ப்பின் சாரம். காவல்துறையின் நடத்தை கவனக்குறைவு மட்டுமன்றி, கனடிய உரிமைகள் சாசனம் உறுதியளிக்கும் பாதுகாப்புரிமையையும் சமத்துவ உரிமையையும் மீறியது என்று தீர்ப்பு கூறியது. ஜேன் டோவுக்கு சுமார் 2,20,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு டொராண்டோ நகரத் தணிக்கையாளர், பாலியல் வன்முறை வழக்குகளைக் காவல்துறை கையாளும் முறையை ஆராய்ந்து 57 பரிந்துரைகளை வழங்கினார்.

மாங்க்டன் (2014)

கனடாவின் தேசியக் காவல்துறை ஆர்.சி.எம்.பி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ராயல் கனடியன் மவுண்டட் போலீஸ். 1873-ல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, தனிக் காவல்படை இல்லாத பெரும்பாலான மாகாணங்களின் ஊரகப் பகுதிகளில் ஒப்பந்த அடிப்படையில் காவல் பணி செய்கிறது.

2014 ஜூன் 4 அன்று நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மாங்க்டன் நகரில், துப்பாக்கி ஏந்திய ஒருவன் ஆர்.சி.எம்.பி. காவலர்கள் மூவரைக் கொன்று இருவரைக் காயப்படுத்தினான். அவனைத் தேடும் பணி சுமார் 30 மணி நேரம் நீடித்தது. அப்போது கைப்பேசிகளுக்கு நேரடியாக எச்சரிக்கை அனுப்பும் வசதி கனடாவில் இல்லை. எனவே காவல்துறை ட்விட்டர், ஃபேஸ்புக் வழியாக மக்களிடம் பேசியது. எந்தத் தெருக்களில் வெளியே வரக்கூடாது என்பதையும், காவலர்கள் நிற்கும் இடங்களைப் படம் எடுத்துப் பகிர வேண்டாம் என்பதையும் சொன்னது. மக்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். இறுதியில் குடியிருப்புவாசி ஒருவர் தந்த தகவலின் பேரிலேயே குற்றவாளி பிடிபட்டான்.

இந்நிகழ்வில் காவல்துறையும் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டது. தன் காவலர்களுக்குப் போதிய ஆயுதமும் பயிற்சியும் தராததற்காக, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஆர்.சி.எம்.பி. 2017-ல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 2018-ல் 5,50,000 டாலர் செலுத்த உத்தரவிடப்பட்டது.

அலர்ட் ரெடி

'அலர்ட் ரெடி' என்பது கனடாவின் தேசியப் பொது எச்சரிக்கை முறை. 2015 முதல் தொலைக்காட்சி, வானொலி வழியாகவும், 2018 ஏப்ரல் முதல் கைப்பேசி வழியாகவும் இது இயங்குகிறது. குறிப்பிட்ட பகுதியில் உள்ள கைப்பேசிகளில் பேரொலியுடன் செய்தி தோன்றும். எந்தச் செயலியும் தேவையில்லை. யாரையும் பின்தொடர வேண்டியதுமில்லை. செய்திகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வரும்.

இதைப் பொதுமக்கள் எவ்வாறு ஏற்றார்கள் என்பதைக் காட்டும் இரு நிகழ்வுகள் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தன.

முதலாவது 2019 பிப்ரவரி 14. பிராம்ப்டன் நகரில் காணாமல் போன 11 வயதுச் சிறுமிக்காக நள்ளிரவுக்குச் சற்று முன்பு 'ஆம்பர்' எச்சரிக்கை அனுப்பப்பட்டது. அந்தச் செய்தியைப் பார்த்தவர்கள் கொடுத்த தகவலால் சிறுமியின் தந்தை சிறிது நேரத்திலேயே கைதானார். சிறுமியோ உயிருடன் மீட்கப்படவில்லை. அதே இரவில், உறக்கம் கலைந்துவிட்டது என்று குறைகூறச் சிலர் அவசர எண் 911-ஐயே அழைத்தார்கள். பீல் வட்டாரக் காவல்துறை அவர்களை வெளிப்படையாகக் கண்டித்தது.

இரண்டாவது 2020 ஜனவரி 12. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் அசம்பாவிதம் எனத் தவறான எச்சரிக்கை காலையில் மாகாணம் முழுவதும் சென்றது. அது தவறு என்று கைப்பேசிகளுக்கு மறுசெய்தி வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. மக்கள் சாலைகளில் முண்டியடித்து ஓடவில்லை. உறவினர்களை அழைத்தார்கள், செய்தி தேடினார்கள். அடுத்த இரண்டு நாட்களில் 30,000-க்கும் மேற்பட்டோர், அணுவிபத்தின்போது தைராய்டு சுரப்பியைக் காக்கும் அயோடின் மாத்திரை கேட்டுப் பதிவு செய்தார்கள். தவறான எச்சரிக்கையால் பலருக்கும் கோபம் வந்தது உண்மை. ஆயினும் அக்கோபத்தினூடே அவர்கள் செய்தது தற்காப்புக்கான ஏற்பாடு.

போர்ட்டபீக்: 2020 ஏப்ரல் 18 இரவு

நோவா ஸ்கோசியா சுமார் 10 லட்சம் மக்கள் வாழும் அட்லாண்டிக் கடலோர மாகாணம். அதன் கோல்செஸ்டர் மாவட்டத்தில் உள்ள சிற்றூர் போர்ட்டபீக். 2020 ஏப்ரல் 18, சனிக்கிழமை இரவு 10:01 மணிக்கு அங்கிருந்து முதல் 911 அழைப்பு வந்தது. அழைத்த பெண், சுட்டவன் தன் அண்டை வீட்டுக்காரன் என்றும், அங்கே காவல்துறை வண்டி போன்ற ஒரு கார் நிற்கிறது என்றும் சொன்னார். சற்று நேரத்தில் அவரும் கொல்லப்பட்டார். அவருடைய பிள்ளைகள் இருவரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவருமாக நான்கு சிறுவர்கள் ஒரு வீட்டில் ஒளிந்துகொண்டு, 911 பணியாளருடன் தொலைபேசியில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். காரைப் பற்றி அவர்களும் சொன்னார்கள்.

செயற்கைப் பல் பொருத்தும் தொழில் செய்துவந்த கொலையாளி, அரசு ஏலத்தில் விற்கப்பட்ட பழைய காவல் வண்டியை வாங்கி, சின்னங்கள் ஒட்டி, அசல் ஆர்.சி.எம்.பி. காரைப் போலவே மாற்றி வைத்திருந்தான். காவலர் உடையும் அணிந்திருந்தான். (பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் அவன் பெயரைப் பெரும்பாலும் தவிர்த்தது. இக்கட்டுரையும் தவிர்க்கிறது.) போர்ட்டபீக்கில் அன்றிரவு 13 பேர் கொல்லப்பட்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. முதல் காவலர்கள் சுமார் 25 நிமிடங்களில் ஊருக்கு வந்து, வெளியேற ஒரே வழிதான் உண்டு என்று எண்ணி அதைக் காத்தார்கள். கொலையாளி அவுரிநெல்லித் தோட்டத்தை ஒட்டிய மண்பாதை வழியாக ஏற்கெனவே தப்பிவிட்டான். இறந்தவர்களில் ஐவரின் உடல்கள் மறுநாள் மாலைதான் கண்டுபிடிக்கப்பட்டன.

இரவு 11:32 மணிக்கு நோவா ஸ்கோசியா ஆர்.சி.எம்.பி. ட்விட்டரில் முதல் செய்தியை வெளியிட்டது. போர்ட்டபீக் பகுதியில் துப்பாக்கி தொடர்பான ஒரு புகாரைக் கவனித்து வருவதாகவும், மக்கள் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருக்குமாறும் அதில் சொல்லப்பட்டிருந்தது. பலர் இறந்துவிட்டதை அந்நேரத்தில் காவல்துறை அறிந்திருந்தது. சந்தேக நபரின் பெயரும் தெரிந்திருந்தது. அதன் பிறகு மறுநாள் காலை 8:02 வரை, அதாவது எட்டரை மணி நேரம், பொதுமக்களுக்குப் புதிய செய்தி எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 19 காலை

இரவெல்லாம் காட்டில் ஒளிந்திருந்த கொலையாளியின் துணைவியார் காலை 6:30 மணியளவில் வெளியே வந்தார். அவன் ஓட்டும் வண்டியைப் பற்றி அவர் காவல்துறைக்கு விவரமாகச் சொன்னார். சுமார் ஒரு மணி நேரத்தில் அந்தப் போலிக் காரின் படமும் காவல்துறைக்குக் கிடைத்தது. 8:02-க்கு வெளியான ட்விட்டர் செய்தி துப்பாக்கிச் சூட்டு நிகழ்வு தொடர்கிறது என்றது. 8:54-க்குக் கொலையாளியின் பெயரும் படமும் வெளியாயின. போலிக் காரைப் பற்றிய செய்தி 10:17-க்குத்தான் வெளியானது. படம் கையில் கிடைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் கழிந்திருந்தது.

அந்த இடைவேளையில் வென்ட்வொர்த் பகுதியில் காலை நடைக்குச் சென்ற பெண் ஒருவர் சாலையில் கொல்லப்பட்டார். டெபர்ட் அருகே, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் சுகாதாரப் பணியாளர்கள் இருவர் தம் கார்களிலேயே கொல்லப்பட்டனர். அவர்களில் ஒருவர் கருவுற்றிருந்தார். காவல் வண்டி என்று நம்பி எவரும் நிற்கக்கூடிய சாலைகள் அவை. பின்னர் ஷூபெனகாடி அருகே ஆர்.சி.எம்.பி. கான்ஸ்டபிள் ஹைடி ஸ்டீவன்சனும், உதவி செய்ய வண்டியை நிறுத்திய வழிப்போக்கர் ஒருவரும் உயிரிழந்தனர்.

இதே காலைப் பொழுதில் க்ளென்ஹோம் பகுதியில் ஒரு தம்பதி உயிர் தப்பினர். கொலையாளி துப்பாக்கியுடன் அவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றான். அவனை முன்பே அறிந்திருந்த அவர்களுக்கு, காவல்துறை தேடும் நபர் அவன்தான் என்பதும் தெரிந்திருந்தது. எனவே காவலர் உடையைக் கண்டு ஏமாறாமல், கதவைத் திறக்காமல் மறைந்துகொண்டு 911-ஐ அழைத்தார்கள். தகவல் கையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு இது தெளிவான சான்று.

போலிக் காரைப் பற்றிய குழப்பம் காவலர்களையும் விடவில்லை. ஆன்ஸ்லோ என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில், இடம்பெயர்ந்தவர்களுக்கான முகாம் அமைக்கப்பட்டிருந்தது. வெளியே நின்ற உண்மையான காவலரையும் அவசரகாலப் பணியாளரையும் கொலையாளி என்று தவறாக எண்ணி, வேறு இரு ஆர்.சி.எம்.பி. காவலர்கள் சுட்டனர். நல்வாய்ப்பாக எவரும் காயமடையவில்லை.

காலை 11:26 மணியளவில் என்ஃபீல்டு பெட்ரோல் நிலையத்தில் கொலையாளி காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டான். முதல் அழைப்புக்குப் பின் 13 மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அலர்ட் ரெடி வழியாக ஒரு செய்திகூட அனுப்பப்படவில்லை.

ஏன் அனுப்பப்படவில்லை?

வசதி இல்லாமல் இல்லை. ஒன்பது நாட்களுக்கு முன்புதான், ஏப்ரல் 10 அன்று, கொரோனா பரவலையொட்டி மக்கள் வீட்டிலேயே இருக்குமாறு இதே மாகாணத்தில் அலர்ட் ரெடி செய்தி அனுப்பப்பட்டிருந்தது. அப்போதைய நடைமுறைப்படி மாகாண அவசரகால மேலாண்மை அலுவலகமே அதை அனுப்ப வேண்டும். காவல்துறை கோரிக்கை வைக்க வேண்டும். ஏப்ரல் 19 காலை அந்த அலுவலகமே காவல்துறையைத் தொடர்புகொண்டு உதவ முன்வந்தது. செய்தியின் வாசகத்தை எழுதிக்கொண்டிருந்தபோதே கொலையாளி சுடப்பட்டான் என்று காவல்துறை பின்னர் விளக்கியது. ஹாலிஃபாக்ஸில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகமோ அன்று காலை மாகாணத்தில் உள்ள தன் நாட்டவருக்கு மின்னஞ்சலில் எச்சரிக்கை அனுப்பியிருந்தது.

ட்விட்டர் வேகமானது என்பது காவல்துறையின் முதல் வாதம். ஊரக நோவா ஸ்கோசியாவில் இணைய இணைப்பே சீராக இல்லாத இடங்கள் உண்டு. ட்விட்டர் பயன்படுத்தாத முதியவர்கள் பலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் காவல்துறையின் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மாங்க்டனில் வேறு வழியின்றிக் கையாண்ட முறை, வேறு வழி வந்த பின்னும் பழக்கமாகத் தொடர்ந்தது.

விசாரணையின்போது மூத்த அதிகாரிகள் வேறு காரணங்களையும் கூறினார்கள். போலிக் காரைப் பற்றிச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள். 911 எண் அழைப்புகளால் நிரம்பிவிடும். அசல் காவலர்களையே மக்கள் தாக்கக்கூடும் என்பவை அவை. 1986-ல் டொராண்டோ காவல்துறை சொன்ன காரணத்தின் சாயலை இங்கே காணலாம். ஜேன் டோ தீர்ப்பு வந்து 22 ஆண்டுகள் ஆகியும் அந்த எண்ணம் மறையவில்லை.

பீதி பற்றி ஆய்வுகள் சொல்வது

பேரிடர்க் காலங்களில் மக்களின் நடத்தையைச் சமூகவியலாளர்கள் 1950-களிலிருந்து ஆராய்ந்து வருகிறார்கள். இத்துறையின் முன்னோடியான என்ரிக்கோ குவாரன்டெல்லி 1954-லேயே பீதியின் இயல்பைப் பற்றி எழுதினார். 1963-ல் பேரிடர் ஆய்வு மையத்தை அமைத்தவர்களில் ஒருவர் அவர். பீதி என்பது அரிதாகவே நிகழ்வது, பெரும்பாலானோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டு நிதானமாகவே நடந்துகொள்கிறார்கள் என்பது இத்துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பு.

டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரன்சன் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை, எச்சரிக்கை கிடைத்தவர் கடந்து செல்லும் படிகளை விளக்குகிறது. செய்தியைக் கேட்கிறார், புரிந்துகொள்கிறார், நம்புகிறார், அது தனக்கும் பொருந்தும் என உணர்கிறார், என்ன செய்வது என முடிவெடுக்கிறார். ஒவ்வொரு படியிலும் அவர் பிறரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள முயல்வார். பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பதும் உறவினரை அழைப்பதும் இதனால்தான். நடைமுறையில் காணப்படும் சிக்கல், மக்கள் மிகையாக அஞ்சுவதைவிட மிகத் தாமதமாக நம்புவது. எனவே நல்ல எச்சரிக்கையில் ஐந்து செய்திகள் இருக்க வேண்டும்: சொல்பவர் யார், ஆபத்து என்ன, எங்கே, எப்போது, என்ன செய்ய வேண்டும்.

11:32 மணிச் செய்தியை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். சொல்பவர் யார், எந்த ஊர், என்ன செய்ய வேண்டும் என்பவை அதில் இருந்தன. ஆபத்து என்ன என்பது இல்லை. வேட்டைத் துப்பாக்கிகள் சாதாரணமாக உள்ள ஊரகப் பகுதியில் 'துப்பாக்கி தொடர்பான புகார்' என்ற சொற்கள் பெரிய அச்சம் தருவதில்லை. பலர் கொல்லப்பட்டுள்ளார்கள், சுட்டவன் தப்பியிருக்கக்கூடும், காவல் வண்டி போன்ற காரில் இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருந்தால் அதைப் படித்தவரின் முடிவு வேறாக இருந்திருக்கும்.

911 அழைப்புகள் பெருகும் என்ற கவலையை மட்டும் முற்றிலும் தள்ளிவிட முடியாது. எச்சரிக்கை வந்ததும் மக்கள் உறுதி செய்துகொள்ள முயல்வது இயல்பு என்பதால் அழைப்புகள் கூடத்தான் செய்யும். அதற்குக் கூடுதல் பணியாளரை அமர்த்துவதும், மேல் விவரங்களை எங்கே பார்க்கலாம் என்று செய்தியிலேயே குறிப்பிடுவதும் தீர்வாகும்.

மக்கள் தந்த எச்சரிக்கைகள்

எச்சரிக்கை காவல்துறையிலிருந்து மக்களுக்குச் செல்வது மட்டுமன்று. மக்களிடமிருந்து காவல்துறைக்கும் செல்கிறது. இந்நிகழ்வில் அதுவும் தவறியது. கொலையாளி தன் பெற்றோரைக் கொல்லப்போவதாக மிரட்டியது பற்றி 2010-ல் காவல்துறைக்குத் தகவல் வந்தது. காவலர் ஒருவரைக் கொல்ல விரும்புவதாக அவன் பேசியதாக 2011-ல் ஒரு துப்பு கிடைத்து, மற்றக் காவல்துறைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பப்பட்டது. அவன் தன் துணைவியைத் தாக்குவதாகவும், சட்டவிரோதத் துப்பாக்கிகள் வைத்திருப்பதாகவும் 2013-ல் தான் புகார் அளித்ததாக முன்னாள் அண்டை வீட்டுப் பெண் ஒருவர் தெரிவித்தார். எதுவும் முறையான வழக்காக வளரவில்லை. 2020-ல் அவன் வீட்டை நோக்கி விரைந்த காவலர்களுக்கு இப்பழைய தகவல்கள் பயன்படும் நிலையில் இல்லை.

அன்றிரவு 911-ஐ அழைத்தவர்கள் காவல் வண்டி போன்ற கார் என்று தெளிவாகச் சொல்லியும், அது பழைய காவல் வண்டியாக இருக்கலாம், சாலையில் எளிதில் அடையாளம் காணப்படும் என்றே அதிகாரிகள் முதலில் கருதினர். நேரில் கண்டவர்களின் சொல்லுக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்பது பின்னர் எழுந்த முக்கியமான குறைகளில் ஒன்று.

விசாரணைக்கான போராட்டம்

அலர்ட் ரெடி பயன்படுத்தப்பட்டிருந்தால் தம் உறவுகள் அன்று காலை வீட்டை விட்டே வெளியேறியிருக்க மாட்டார்கள் என்று, ஏப்ரல் 19 அன்று கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் சிலர் வெளிப்படையாகக் கூறினர். பொது விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2020 ஜூலை 22 அன்று குடும்பத்தினரும் ஆதரவாளர்களும் பைபிள் ஹில்லில் உள்ள ஆர்.சி.எம்.பி. நிலையம் வரை பேரணி சென்றனர். மறுநாள் மத்திய, மாகாண அரசுகள் இணைந்து மூவர் கொண்ட மீளாய்வுக் குழுவை அறிவித்தன. சாட்சிகளைக் கட்டாயமாக வரவழைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பொதுவெளியில் சாட்சியம் பெறுவதும் உறுதியில்லை. எதிர்ப்பு பெருகியது. ஐந்தே நாட்களில், ஜூலை 28 அன்று, முழு அதிகாரம் கொண்ட பொது விசாரணைக்கு அரசு இணங்கியது. பொதுமக்கள் அழுத்தத்தால் ஓர் அரசு தன் முடிவை இவ்வளவு விரைவில் மாற்றிக்கொள்வது எங்கும் அரிது.

'மாஸ் கேஷுவல்டி கமிஷன்' எனப்பட்ட ஆணையத்துக்கு நோவா ஸ்கோசியாவின் முன்னாள் தலைமை நீதிபதி மைக்கேல் மக்டொனால்டு தலைமை தாங்கினார். லீயேன் ஃபிட்ச், கிம் ஸ்டான்டன் ஆகியோர் மற்ற உறுப்பினர்கள். 2022-ல் பொது அமர்வுகள் நடந்தன. ஆகஸ்ட் மாதம் சாட்சியமளித்த ஆர்.சி.எம்.பி. ஆணையர் பிரெண்டா லக்கி, தம் அமைப்பு மக்களின் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை என்று மன்னிப்புக் கேட்டார்.

2023 மார்ச் 30 அன்று ஏழு தொகுதிகள் கொண்ட இறுதி அறிக்கை வெளியானது. அதில் 130 பரிந்துரைகள் இருந்தன. பொது எச்சரிக்கை பற்றி அறிக்கை கடுமையாகப் பேசியது. மக்கள் பீதியடைவார்கள் என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. மக்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தேவையான தகவலைத் தருவது காவல் பணியின் அடிப்படைப் பகுதி என்பது அதன் நிலைப்பாடு. தேசிய அளவில் எச்சரிக்கை முறையை மறுசீரமைத்தல், காவலர் பயிற்சிக் காலத்தை நீட்டித்தல், ரெஜைனாவில் உள்ள ஆர்.சி.எம்.பி. பயிற்சிக் கூடத்தை 2032-க்குள் மூடுதல், குடும்ப வன்முறைப் புகார்களைத் தீவிரமாக அணுகுதல் ஆகியவை பரிந்துரைகளில் சில. அறிக்கை வெளியான நாளில், பரிந்துரைகளைத் தாம் இன்னும் படிக்கவில்லை என்று ஆர்.சி.எம்.பி.யின் இடைக்கால ஆணையர் மைக் டுஹீம் செய்தியாளரிடம் கூறியது குடும்பத்தினரை வேதனைப்படுத்தியது.

பின்னர் வந்த மாற்றங்கள்

மாற்றம் அறிக்கைக்கு முன்பே தொடங்கியது. நிகழ்வு நடந்து ஐந்து நாட்களில், ஏப்ரல் 24 அன்று, ஹாலிஃபாக்ஸ் அருகே துப்பாக்கிச் சத்தம் கேட்டதாக வந்த தகவலுக்கு அலர்ட் ரெடி பயன்படுத்தப்பட்டது. தகவல் பின்னர் உறுதிப்படவில்லை. 2021-ல் நோவா ஸ்கோசியாவில் ஆர்.சி.எம்.பி.க்கும் ஹாலிஃபாக்ஸ் காவல்துறைக்கும் எச்சரிக்கையை நேரடியாக அனுப்பும் அதிகாரம் வழங்கப்பட்டது. பழைய காவல் வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்பது நிறுத்தி வைக்கப்பட்டது. காவலர் உடைகளையும் சின்னங்களையும் பிறர் வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை மாகாணம் இயற்றியது.

2022 செப்டம்பர் 4 அன்று சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஜேம்ஸ் ஸ்மித் க்ரீ நேஷன் என்ற பூர்வகுடிச் சமூகத்திலும் அருகிலுள்ள வெல்டன் ஊரிலும் கத்திக்குத்துத் தாக்குதலில் 11 பேர் உயிரிழந்தனர். முதல் அழைப்பு காலை 5:40-க்கு வந்தது. 7:12-க்கு ஆர்.சி.எம்.பி.யின் முதல் அவசர எச்சரிக்கை கைப்பேசிகளுக்குச் சென்றது. சந்தேக நபர்கள் நகர்ந்திருக்கலாம் என்றதும் அண்டை மாகாணங்களுக்கும் எச்சரிக்கை விரிவாக்கப்பட்டது. அத்தாக்குதலிலும் காவல்துறை மீது கேள்விகள் எழுந்தன. ஆயினும் 92 நிமிடங்களுக்கும், 13 மணி நேரம் கழிந்தும் வராத எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாடு போர்ட்டபீக் கற்றுத்தந்த பாடம்.

பரிந்துரைகள் நடைமுறையாகின்றனவா என்று கண்காணிக்க 2023-ல் ஒரு குழு அமைக்கப்பட்டது. முன்னாள் நீதிபதி லிண்டா லீ ஓலண்ட் அதன் முதல் தலைவர். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிரதிநிதிகளும் அதில் இடம்பெற்றனர். ஆர்.சி.எம்.பி. 2024 மார்ச்சில் தன் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டு, ஆர்.சி.எம்.பி. மீதான புகார்களை விசாரிக்கப் புதிய சுயாதீன ஆணையம் அமைக்கும் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

மதிப்பீடு

காவல்துறையின் பொறுப்புடைமை என்றதும் நாம் பெரும்பாலும் அதிகார அத்துமீறலையே நினைக்கிறோம். செய்யாமல் விட்டதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை ஜேன் டோ தீர்ப்பு சட்டமொழியிலும், நோவா ஸ்கோசியா ஆணையம் நிர்வாகமொழியிலும் நிறுவின. இவை இரண்டும் தானாக வந்தவை அல்ல. ஒரு பெண் பல ஆண்டுகள் வழக்கு நடத்தியதாலும், உறவுகளை இழந்த குடும்பங்கள் துக்கத்தின் நடுவே தெருவில் இறங்கியதாலும் வந்தவை.

பொதுமக்களின் பங்கையும் மறக்கலாகாது. பிராம்ப்டன் இரவில் உறக்கம் கெட்டதென்று சலித்தவர்களும் இருந்தார்கள். தெருவில் கண்ட காரை அடையாளம் கண்டு அழைத்தவர்களும் இருந்தார்கள். மாங்க்டனில் ஊரே கதவடைத்து ஒத்துழைத்தது. க்ளென்ஹோமில் ஒரு தம்பதி கதவைத் திறக்காமல் பிழைத்தார்கள். நம்பி விவரம் சொன்ன இடங்களில் மக்கள் பெரும்பாலும் அறிவோடு நடந்துகொண்டார்கள் என்பதையே இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. 2020 ஏப்ரல் 19 காலையில் டெபர்ட் சாலையில் சென்ற பணியாளர்களுக்கு அந்த வாய்ப்புத் தரப்படவில்லை.